கேமரா கற்றுத் தராத ஒன்று

"ஃபிலிம் ஸ்கூலுக்கெல்லாம் போகத் தேவையில்ல. கையில போன் இருக்கு, யூடியூப் இருக்கு, இறங்கி எடு." குறும்படம் எடுக்கும் நண்பர்களிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். தனியார் கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லாத ஒரு பிள்ளைக்கு இது பெரிய தைரியம். அதனால் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் இந்தப் பேச்சுக்குச் சாட்சியாக எப்போதும் இழுத்து வரப்படும் இரண்டு படங்களை நிதானமாகப் பார்த்தால், அவை வேறு எதையோ சொல்கின்றன.

முதலாவது, ராபர்ட் ரோட்ரிகஸின் 'எல் மரியாச்சி' (1992). சுமார் 7,000 டாலரில் எடுத்த படம். அதில் ஒரு பகுதியை மருந்துப் பரிசோதனைக்குத் தன் உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்தார். கதை சொல்பவர்கள் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். படத்துக்குள் போய்ப் பாருங்கள். அவரிடம் இருந்தது சத்தம் போடும் 16 எம்எம் கேமரா. அதோடு சேர்த்து ஒலியைப் பதிவு செய்ய முடியாது. காட்சியை எடுத்த பிறகு நடிகர்களை அதே வசனத்தைத் திரும்பப் பேசவைத்துச் சாதாரண டேப் ரெக்கார்டரில் பதிந்தார். உதடும் குரலும் விலகத் தொடங்கும் இடத்தில் வெட்டி, ஒரு நாயையோ எதிரில் நிற்பவரின் முகத்தையோ காட்டினார். படத்தின் வேகம் என்று நாம் ரசிப்பதில் ஒரு பங்கு இந்தச் சமாளிப்பிலிருந்து வந்தது.

ஆனால் எங்கே வெட்டுவது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? வீட்டு வீடியோ கருவியில் தம்பி தங்கைகளை நடிக்கவைத்துச் சிறு வயதிலிருந்தே எடுத்து எடுத்துப் பழகியவர். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் திரைப்பட வகுப்பில் மதிப்பெண் போதாமல் முதலில் இடம் கிடைக்கவில்லை. பிறகு நுழைந்து 'பெட்ஹெட்' குறும்படத்தை எடுத்தார். 'எல் மரியாச்சி' அவருடைய முதல் நீளப் படம்தான், முதல் படம் இல்லை.

இரண்டாவது, கிறிஸ்டபர் நோலனின் 'ஃபாலோயிங்' (1998). அவர் லண்டனில் படித்தது ஆங்கில இலக்கியம். படத்தில் இருந்த எல்லாருக்கும் வேலை இருந்ததால் சனிக்கிழமைகளில் மட்டும், ஏறக்குறைய ஓராண்டு எடுத்தார்கள். ஃபிலிம் சுருள் விலை அதிகம் என்பதால் நாடகம்போல் முழுக்க ஒத்திகை பார்த்துவிட்டு ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார்கள். கதை முன்னும் பின்னுமாக உடைந்து வருகிறது. பார்வையாளர் தொலைந்து போகாமல் இருக்க நோலன் செய்தது செலவே இல்லாத வேலை. ஒரு காலத்தில் நாயகன் கலைந்த தலையோடு அலைகிறான். இன்னொன்றில் முடிவெட்டி, கோட் போட்டிருக்கிறான். மூன்றாவதில் அடிவாங்கி வீங்கிய முகம். அந்த முகத்தைப் பார்த்தே நாம் காலத்தைப் பிடித்துக்கொள்கிறோம். படத்தில் குறையும் உண்டு. அதில் வரும் பெண் கதைத் திருப்பத்துக்கான கருவியாகவே நின்றுவிடுகிறாள். ஆனாலும் அந்த முகங்களை யோசித்தவர் பார்வையாளரை நன்றாக அறிந்தவர்.

அந்த அறிவு எங்கிருந்து வந்தது? பல்கலைக்கழகத் திரைப்படச் சங்கத்திலிருந்து. அங்கே படங்களைத் திரையிட்டு, வந்த காசில் விடுமுறையில் 16 எம்எம் படங்கள் எடுத்தார்கள். சத்யஜித் ராயும் இப்படித்தான். 1947இல் நண்பர்களோடு கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். ஒரு கதை படமாகப் போகிறது என்று அறிவிப்பு வந்தால், அதற்குத் தானே ஒரு திரைக்கதை எழுதி வைத்துக்கொண்டு, படம் வந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பார். 'பதேர் பாஞ்சாலி' வந்தது 1955இல். நம் மலேசியாவிலேயே பாருங்கள். சட்டம் படித்த அமிர் முகமதுவும், கிராஃபிக் டிசைனரான ஜேம்ஸ் லீயும், லியூ செங் டாட், டான் சுய் முய் ஆகியோரோடு சேர்ந்து 'தா ஹுவாங் பிக்சர்ஸ்' தொடங்கினார்கள். ஒருவர் படத்தில் மற்றவர் வேலை செய்தார்.

நான் சொல்ல வருவது இதுதான். திரைப்படப் பள்ளி விற்பது கேமராவை அல்ல. கேமரா இன்று எல்லார் பையிலும் இருக்கிறது. அது விற்பது, நாம் எடுத்ததை நான்கு பேர் முன் போட்டுக்காட்டி, "இந்த ஷாட் எதுக்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டிய கட்டாயத்தை. பள்ளிக்குப் போகாமல் தேறியவர்கள் அந்த அறையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

நம் தமிழ்க் குறும்படச் சூழலில் இல்லாதது அந்த அறைதான். படம் முடிந்ததும் பொன்னாடை, "வாழ்த்துகள் தம்பி", குழுப்படம். இரண்டாவது காட்சி நீளம் என்று யாராவது வாய் திறந்தால், "நம்ம பிள்ளைங்கள நாமே ஆதரிக்கலன்னா யாரு ஆதரிப்பா?" என்று அடக்கிவிடுகிறார்கள். இதில் ஆதரவு எங்கே இருக்கிறது? அந்தப் பையன் அடுத்த படத்திலும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுவான். காசுள்ள பிள்ளைக்குத் தவறைச் சுட்டிக்காட்ட ஆசிரியர் கிடைக்கிறார். காசில்லாத பிள்ளைக்குக் கைதட்டல் மட்டும்தான் என்றால், "ஸ்கூல் தேவையில்ல" என்பது நாம் அவனுக்குச் சொல்லும் பொய்.

இதைச் சரிசெய்யப் பெரிய நிதி வேண்டாம். மாதம் ஒருமுறை ஐந்து பேர் கூடினால் போதும். ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை ஓட்டுங்கள். கதை புரிகிறதா பாருங்கள். உங்களுக்குப் பிடித்த சிறுகதைக்கு ஆளுக்கொரு திரைக்கதை எழுதி மாற்றிப் படியுங்கள். அடுத்த திரையிடலில் விளக்கு எரிந்ததும் மேடை ஏறாமல், பார்த்தவர்கள் எந்த இடத்தில் போனை எடுத்தார்கள் என்று கேளுங்கள். உண்மையைச் சொல்பவரை மறுபடியும் கூப்பிடுங்கள்.