பதிப்பு நெறியும் பயணத் தெருப்படமும்: ஸ்டீவ் மெக்கரி, ரகுபீர் சிங் ஆகியோரின் இந்தியப் படங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இந்தியத் தெருக்களைப் பயணவழியில் படமெடுத்த கலைஞர்கள், எடுத்த படங்களைப் பின்னர் எவ்வாறு திருத்தினர் என்பதை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் ஆராய்கிறது. ஒளிப்படத் திருத்தம் குறித்த விவாதம் பெரும்பாலும் ‘மாற்றலாமா, கூடாதா’ என்ற இருமுனை வினாவாகவே முடிந்துவிடுகிறது. தமிழ்ப் பதிப்பியல் வளர்த்தெடுத்த மூலபாடம், பாடபேதம், சிதைவைக் காட்டும் நேர்மை ஆகிய கருத்துகளைக் கொண்டு அவ்வினாவை வேறுவகையில் எழுப்ப முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம். லின்னேயஸ் டிரைப், ஸ்டீவ் மெக்கரி, ரகுபீர் சிங் ஆகிய மூவரின் பணிகள் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தெரு ஒளிப்படம், பயணம், படத்திருத்தம், பதிப்பியல், பாடபேதம், ரகுபீர் சிங், ஸ்டீவ் மெக்கரி.

முன்னுரை

தெரு ஒளிப்படம் என்பது முன்னேற்பாடின்றிப் பொதுவிடத்தில் நிகழ்வதை நிகழ்ந்தவாறே பதிவதாகும். நிலைய ஒளிப்படத்தில் கலைஞர் பின்புலத்தையும் ஒளியையும் தாமே அமைக்கிறார். தெருவிலோ அவர் அமைப்பது தாம் நிற்கும் இடத்தையும் பொத்தானை அழுத்தும் நொடியையும் மட்டுமே; எஞ்சியவை தெரு தருவன. இக்காரணத்தால்தான் படத்தின் கீழ் ஊர்ப்பெயரும் ஆண்டும் குறிக்கப்படும்போது, அப்படம் பார்வையாளருக்கு ஓர் உறுதிமொழியாகவும் ஆகிவிடுகிறது.

அவ்வுறுதிமொழி திருத்தத்தின்போது என்ன ஆகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. இன்று கைப்பேசியிலேயே ஓர் ஆளை விரலால் தொட்டு அழித்துவிட இயலும். களப்பணிக்குச் செல்லும் ஆய்வாளர் பலரும் அக்கைப்பேசியாலேயே தம் சான்றுகளைப் படமெடுக்கின்றனர். ஆகவே இது கலைத்துறையினரின் உட்பூசலாக நின்றுவிடாமல், சான்றைக் கையாளும் நம் அனைவரையும் தொடும் சிக்கலாகிறது.

டிரைப்பின் இருவகைத் திருத்தம்

திருத்தம் கணினியோடு வந்ததென்று எண்ணுவது பிழை. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப், 1858ஆம் ஆண்டளவில் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். அவர் பயன்படுத்தியது மெழுகூட்டிய தாள் நெகட்டிவ். அக்கால வேதிப்பூச்சு நீல ஒளியை மிகுதியாக ஏற்றதால், படத்தில் வானம் வெறும் வெண்மையாகவே விழுந்தது. பர்மாவிலும் தென்னிந்தியாவிலும் எடுத்த நெகட்டிவ்கள் சிலவற்றில் டிரைப் தம் கையால் நிறமியைத் தீட்டி முகில்களையும் இலைத்தொகுதிகளையும் உருவாக்கினார்.

இதே டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள தமிழ்க் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கோயிலைச் சுற்றி நடப்பவர் கண்ணுக்கு அக்கல்வெட்டுகள் ஒருசேரத் தெரிவதில்லை. கண் ஒருபோதும் காணாத காட்சியை உருவாக்கியது என்ற அளவில் இதுவும் திருத்தமே.

எனினும் இவ்விரண்டும் ஒருதன்மையன அல்ல. தீட்டப்பட்ட முகில், இல்லாததை இருப்பதாகக் காட்டியது. அதைத் தீட்டியதாகப் படம் தானே சொல்வதில்லை. ஒட்டப்பட்ட நெடும்படமோ இருந்ததை வாசிப்பதற்கு ஏற்பத் தொகுத்தது. முன்னது காட்சியின் இன்பத்திற்கும் பின்னது மூலத்திற்கும் பணி செய்தன. ஒருவர் கையிலேயே இவ்விருவகையும் காணப்படுவதால், திருத்தத்தை முற்றாக ஏற்பதும் முற்றாக மறுப்பதும் போதாதென்பது விளங்கும்.

படலத்திலிருந்து கோப்பிற்கு

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவைப் படமெடுத்த வண்ணக் கலைஞர்களின் முதன்மைக் கருவி கோடாக்குரோம் படலம். அது நேர்ப்படமாக வெளிவருவது. அதனைக் கழுவும் முறை சிக்கலானதாதலின் அதற்கென அமைந்த ஆய்வகங்களிலேயே கழுவப்பட்டது. ஒளியளவில் சிறிது பிழைத்தாலும் படம் கெட்டுவிடும். எனவே அக்காலத்தில் திருத்தம் என்பது பெரும்பாலும் தேர்வையே குறித்தது: நூற்றுக்கணக்கான வில்லைகளை ஒளிமேசையில் பரப்பி ஒன்றை எடுத்து மற்றவற்றை ஒதுக்குதல்.

அச்சிடும் நிலையில் மாற்றங்கள் நிகழாமல் இல்லை. ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழ் 1982 பிப்ரவரி அட்டைக்காக, கீசாப் பிரமிடுகளின் கிடைப்படத்தை நெடுக்காக்கும்பொருட்டு அவற்றை நெருக்கி வைத்தது பின்னர் பெருங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று. 1990இல் போட்டோஷாப் வெளியான பின்பும், பழைய வில்லைகள் வருடப்பட்டுக் கோப்புகளாக மாறிய பின்பும், இவ்வாய்ப்பு தனிக் கலைஞரின் மேசைக்கே வந்தது. பல்லாண்டுகளுக்கு முன் எடுத்த படமும் இன்று திருத்தப்படலாம் என்ற நிலை உருவாயிற்று. ஏட்டுச்சுவடி அச்சேறியபோது நேர்ந்த மாற்றத்தோடு இதனை ஒப்பிடலாம்.

மெக்கரி: நீக்கத்தின் அழகியல்

அமெரிக்கரான ஸ்டீவ் மெக்கரி 1978இல் முதன்முறை இந்தியா வந்தார். 1983இல் ராஜஸ்தானின் புழுதிப்புயலில் ஒடுங்கி நிற்கும் பெண்கள், தாஜ்மகால் பின்னணியில் நிற்கும் நீராவி எஞ்சின், போர்பந்தரில் கழுத்தளவு வெள்ளத்தில் தையல் இயந்திரத்தைத் தோளில் சுமந்து சிரிக்கும் தையற்காரர் ஆகிய படங்களை எடுத்தார். இவை உலகெங்கும் இந்தியாவின் முகங்களாயின. இவற்றின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. தையற்காரரின் சிரிப்பில் வெளிப்படும் மனித உறுதி எந்த அழகியல் கோட்பாட்டாலும் குறைத்துரைக்க முடியாதது.

2016 மார்ச்சில் எழுத்தாளர் தேஜு கோல் மெக்கரியின் இந்தியப் படங்களை விமரிசித்து எழுதிய கட்டுரை, அப்படங்களின் மிகைச் செம்மையைக் குறையாகச் சுட்டியது. அதற்கு மாற்றாக ரகுபீர் சிங்கை முன்வைத்தது. அடுத்த சில வாரங்களில் இத்தாலியில் நடந்த கண்காட்சியில் வைக்கப்பட்ட மெக்கரியின் கியூபாப் படமொன்றில், சாலைக்கம்பத்தின் அடிப்பகுதி இடம்பெயர்ந்து நிற்பதை ஒளிப்படக்காரர் ஒருவர் கண்டறிந்தார். தொடர்ந்து, 1983இல் வங்கதேசச் சிறுவர் மழைச்சேற்றில் பந்தாடும் படம் உள்ளிட்ட சிலவற்றின் இருவேறு வடிவங்கள் ஒப்பிடப்பட்டன. ஒரு வடிவத்தில் காணப்பட்ட ஆள் மற்றொன்றில் இல்லை. தாம் செய்தி ஒளிப்படக்காரர் என்பதைவிடக் காட்சிவழிக் கதைசொல்லி என்றே அழைக்கப்பட விரும்புவதாக மெக்கரி விளக்கினார்.

கோலின் விமரிசனமும் திருத்தம் பற்றிய கண்டனமும் வெவ்வேறாகவே பெரிதும் பேசப்பட்டன. அவை ஒன்றே என்பது இக்கட்டுரையின் கருத்து. மெக்கரியின் படச்சட்டம் நடுவில் ஓர் உருவையும் அதனைச் சுற்றி அமைதியையும் வேண்டுவது. இந்தியத் தெரு அவ்வமைதியைத் தருவதில்லை. எனவே படமெடுக்கும்போது காத்திருப்பு செய்த பணியைப் பின்னர் கணினி செய்தது. நீக்கப்பட்டவர் அழகற்றவர் என்பதால் நீக்கப்படவில்லை. எண்ணிக்கையில் மிகையானார் என்பதால் நீக்கப்பட்டார். தெருவின் இயல்பான கூட்டமே பிழையாகக் கருதப்பட்டது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

ரகுபீர் சிங்: நெரிசலின் ஒழுங்கு

ஜெய்ப்பூரில் பிறந்த ரகுபீர் சிங் (1942–1999) கங்கை, கல்கத்தா, ராஜஸ்தான், பம்பாய், தமிழ்நாடு எனப் பகுதிவாரியாகப் படநூல்களை வெளியிட்டவர். கறுப்பு வெள்ளையே கலை எனக் கருதப்பட்ட காலத்தில் வண்ணத்தைக் கைவிடாதவர். வண்ணம் இந்திய அழகியலின் உள்ளியல்பு என 1998இல் வெளியான ‘ரிவர் ஆஃப் கலர்’ நூலின் கட்டுரையில் அவர் வாதிட்டார்.

1991இல் அவர் ஹவுராவின் நடைபாதைக் கண்ணாடிக் கடையை எடுத்த படத்தில், கண்ணாடிகள் தெருவைத் துண்டுதுண்டாகப் பிரதிபலிக்கின்றன. ஒரு சட்டத்திற்குள் பல சட்டங்கள் அமைகின்றன. அம்பாசிடர் காரை மையமாகக் கொண்டு அவர் மறைவிற்குப்பின் வந்த நூலில், காரின் சன்னலும் கதவும் காட்சியைப் பகுக்கின்றன. இப்படங்களில் ஓரங்களில் வெட்டுண்ட உடல்களும் முதுகு காட்டி நிற்போரும் உண்டு. எவரையேனும் நீக்கினால் படத்தின் கட்டமைப்பே தளர்ந்துவிடும். மதுரைக்காஞ்சியின் நாளங்காடி, அல்லங்காடி வருணனைகளில் மக்கள்திரள் காட்சிக்கு இடையூறாகாமல் காட்சியாகவே அமைவதை அறிந்த வாசகருக்கு இவ்வழகியல் புதிதன்று.

எனினும் இதனை ‘உள்ளூரார் உண்மையாளர், அயலார் பொய்யர்’ என எளிமைப்படுத்துவது பொருந்தாது. ரகுபீர் சிங்கும் ஹாங்காங், பாரிஸ், லண்டன், நியூயார்க் ஆகிய நகரங்களில் வாழ்ந்து, பயணியாகவே இந்தியத் தெருக்களுக்குத் திரும்பித் திரும்பி வந்தவர். வேறுபாடு பிறப்பிடத்தில் இல்லை. கூட்டத்தைத் தாங்கும் சட்டத்தை ஒருவர் உருவாக்கினாரா என்பதில் உள்ளது. மேலும், தேர்வும் ஒருவகை நீக்கமே. அச்சேறிய ஒரு படத்திற்காக ஒதுக்கப்பட்ட வில்லைகளை நாம் காண்பதில்லை என்ற வரம்பு சிங்கின் பணிக்கும் உரியது.

பதிப்பியல் தரும் அளவுகோல்

தமிழாய்வாளருக்குத் திருத்தம் என்ற சொல் முதலில் நினைவூட்டுவது சுவடிப்பதிப்பை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, பல சுவடிகளை ஒப்பிட்டு ஒரு பாடத்தைத் தேர்ந்தார். பிற பாடங்களைப் பாடபேதங்களாகக் குறித்தார். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு சில பாடல்கள் சிதைந்துள்ளன. சிதைந்த இடங்களைப் புள்ளிகளால் காட்டும் வழக்கம் நம் பதிப்புகளில் நிலைபெற்றது. யாப்பறிந்த புலவருக்கு அவ்விடத்தில் ஒரு சீரை எழுதி நிரப்புவது அரிதன்று. நிரப்பாமல் விட்டதே பதிப்பின் அறம்.

இவ்வளவுகோலின்படி ஒளிப்படத் திருத்தத்தை மூன்று படிகளாக வகுக்கலாம்.

முதலாவது, தெளிவாக்கம்: ஒளியளவு, வெண்சமநிலை, நிறச்செறிவு ஆகியவற்றைச் சரிசெய்தல். இது சுவடி எழுத்தைப் படித்தறிந்து அச்செழுத்தாக்குவதற்கு ஒப்பு. இதிலும் எல்லை உண்டு. வாரணாசியின் பனிமூட்டத்தை முற்றாக விலக்குவதும், நிழலை உயர்த்தும்போது கரிய மேனியை வெளிறச் செய்வதும் தெளிவாக்கமாகா. அவை பொருளையே மாற்றுவன.

இரண்டாவது, தேர்வும் வெட்டலும்: பல படங்களில் ஒன்றைக் கொள்ளுதலும் ஓரங்களைக் குறைத்தலும். இது பாடத்தேர்வுக்கு ஒப்பு. மூலக்கோப்பு காக்கப்படும்வரை பிறர் மீண்டும் சரிபார்க்க இயலும்.

மூன்றாவது, நீக்கமும் நிரப்பலும்: ஆளையோ பொருளையோ அழித்து, அவ்விடத்தில் இல்லாத பின்புலத்தை வரைதல். இது இடைச்செருகலுக்கு ஒப்பு. அழிப்பதைவிட நிரப்புவதே இங்குப் பெரிய தவறு. அழித்த இடம் வெற்றிடமாக நின்றால் பார்வையாளர் வினவுவார். நிரப்பிய இடம் வினாவையே இல்லாமற் செய்துவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ஒளிப்படக்காரர் நூலாசிரியரே அன்றிப் பதிப்பாசிரியர் அல்லர்; தம் நூலைத் திருத்த ஆசிரியருக்கு உரிமை உண்டன்றோ என்பது அது. புனைவென அறிவித்த படத்திற்கு இது முற்றிலும் பொருந்தும். ஆனால் தெருப்படத்தின் மூலபாடத்தைக் கலைஞர் மட்டும் இயற்றவில்லை. தெருவில் நடந்தவர்களும் சேர்ந்தே இயற்றினர். ஊரும் ஆண்டும் குறித்து அதனை வெளியிடும் கலைஞர், பிறர் இயற்றியதைப் பதிப்பிக்கும் பொறுப்பையும் ஏற்கிறார். கதைசொல்லி என்ற பெயரைப் படத்தின் தொடக்கத்திலேயே பூண்டிருந்தால் மெக்கரியின் விளக்கம் ஏற்கத்தக்கதாயிருக்கும். கண்டுபிடிக்கப்பட்ட பின் பூண்டதால் அது வலுவிழக்கிறது.

களப்பணியில் ஒரு படிப்பினை

இக்கட்டுரையாளர் முனைவர் பட்டக் களப்பணிக்காக மதுரை மாசி வீதிகளைப் படமெடுத்தபோது, ஒரு பழைய வீட்டின் மரத்தூண்களை மறைத்து நின்ற பூக்காரப் பெண்மணி ஒருவரைக் கைப்பேசி வசதியால் நீக்கினார். தூண்கள் முழுமையாகத் தெரிந்தன. அவற்றின் கீழ்ப்பகுதியைக் கருவியே வரைந்திருந்தது. சில திங்கள் கழித்து அத்திண்ணையின் இன்றைய பயன்பாடு குறித்து எழுத நேர்ந்தபோது, அங்கு நாள்தோறும் பூ விற்கப்பட்டதற்கான சான்று கையில் இல்லை. மூலக்கோப்பு மேலெழுதப்பட்டுவிட்டது. மீண்டும் சென்றபோது வீடு இடிக்கப்பட்டிருந்தது. தேவையற்றதென நீக்கியதே பின்னர் ஆய்வுப்பொருளானது. எது சான்று என்பது படமெடுக்கும் நாளில் தெரிவதில்லை என்பதே இதன்வழிப் பெற்ற படிப்பினை.

முடிவுரை

இந்தியத் தெருவைப் படமெடுத்தோர் தொடக்கம் முதலே தம் படங்களைத் திருத்தி வந்துள்ளனர். திருத்தம் எதற்குப் பணி செய்கிறது, அதன் தடம் காணக்கிடைக்கிறதா ஆகிய இரு வினாக்களே மதிப்பீட்டிற்கு உரியவை. டிரைப்பின் கல்வெட்டு நெடும்படம் மூலத்திற்குப் பணி செய்தது. ரகுபீர் சிங்கின் சட்டம் நீக்கத்தின் தேவையையே குறைத்தது. மெக்கரியின் திருத்திய வடிவங்கள் தெருவைத் தெருவாக்கும் மக்களையே விலையாகக் கொடுத்து அமைதியைப் பெற்றன.

ஆய்வேடுகளில் களப்படங்களைச் சேர்ப்போர் மூலக்கோப்பைத் தனியே காத்தலும், வெட்டலையும் நிறமாற்றத்தையும் படக்குறிப்பில் சுட்டுதலும், நீக்கத்தையும் நிரப்பலையும் அறவே தவிர்த்தலும் வேண்டும். பாடபேதம் குறிக்காத பதிப்பை நாம் சான்றாக ஏற்பதில்லை. படத்திற்கும் அவ்வளவுகோலையே கொள்வது தகும்.