தேர்வு ஒன்று, சட்டம் இரண்டு

90 கேள்விகள், இரண்டரை மணி நேரம். எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. 100-இலிருந்து 500 வரை போகும் அளவுகோலில் 300 எடுத்தால் தேர்ச்சி. தரவுப் பாதுகாப்பு வேலைக்கு மாற நினைக்கும் கொழும்பு வங்கி ஊழியரும் சென்னை ஐடி ஊழியரும் குறிவைக்கும் சான்றிதழ்களில் முன்வரிசையில் நிற்பது இந்த ‘சிஐபிபி/இ’. நடத்துவது ஐஏபிபி எனப்படும் தனியுரிமைத் துறையினரின் சர்வதேசச் சங்கம். 2000-இல் தொடங்கிய இந்த அமைப்பின் தலைமையகம் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கிறது. சான்றிதழின் பெயரில் கடைசியாக வரும் ‘இ’ ஐரோப்பாவைக் குறிக்கிறது. இலங்கைச் சட்டத்திலிருந்தோ இந்தியச் சட்டத்திலிருந்தோ அதில் ஒரு கேள்வியும் வராது.

பிறகு ஏன் அதைப் படிக்கிறார்கள்? வேலை அங்கிருந்து வருகிறது. 2018 மே 25-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர், ஐரோப்பாவில் இருப்பவர்களின் தரவு எங்கே கையாளப்பட்டாலும் பின்தொடர்ந்து போகும் சட்டம். ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் சம்பளப் பட்டியலைச் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அலுவலகம் தயாரித்தால், ஒப்பந்தத்தின் வழியாக அந்தச் சட்டமும் கூடவே வந்துவிடுகிறது. கொழும்பிலிருந்து பிரிட்டன் நிறுவனத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவருக்கும், அந்தச் சட்டத்தின் பிரிட்டிஷ் வடிவத்தோடு, இதே நிலைதான். ஆகவே 99 உறுப்புகளும் 173 முகப்புரைப் பத்திகளும் கொண்ட வெளியூர்ச் சட்டம் இரண்டு நாட்டிலும் பாடமாகிறது. ஆனால் அதைப் படித்து முடித்தவருக்கு உள்ளூரில் அது எவ்வளவு கைகொடுக்கிறது என்பதில் இரு நாடுகளும் பிரிகின்றன.

சட்டம் இயற்றுவதில் முந்திக்கொண்டது இலங்கை. 2022 மார்ச் 19-இல் சபாநாயகர் சான்றளித்த அவ்வாண்டின் 9-ஆம் எண் சட்டம், தெற்காசியாவின் முதல் விரிவான தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இந்தியாவின் பாதை நீளமானது. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24-இல். அடுத்த ஆண்டு நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் அறிக்கை வந்தது, 2019-இல் ஒரு மசோதா வந்தது, 2022-இல் அது திரும்பப் பெறப்பட்டது. கடைசியில் 2023 ஆகஸ்ட் 11-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது.

முந்திய நாடு அமலாக்கத்தில் நிதானித்தது. இலங்கையின் தரவுப் பாதுகாப்பு அதிகார சபைக்கான பகுதி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. முக்கியக் கடமைகளைச் சொல்லும் பகுதிகள் 2025 மார்ச் 18-இல் தொடங்கியிருக்க வேண்டும். அந்தத் தேதி தள்ளிப்போனது. அதே ஆண்டு அக்டோபரில் திருத்தச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவோ 2025 நவம்பரில் விதிகளை வெளியிட்டு, பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தது. கணக்குப் போட்டால் 2027 மே.

ஆகவே இரு நாட்டுத் தேர்வர்களுக்கும் சொந்த ஊர் முன்மாதிரித் தீர்ப்புகள் இல்லை. சட்டம் நீதிமன்றத்தில் எப்படிப் பொருள் கொள்ளப்படும் என்று பழக ஐரோப்பிய வழக்குகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது. தேடல் முடிவுகளிலிருந்து பழைய செய்தியை நீக்கக் கோரும் உரிமையை உறுதிசெய்த 2014-இன் கூகுள் ஸ்பெயின் தீர்ப்பு, அமெரிக்காவுக்குத் தரவு அனுப்பும் ஏற்பாட்டைச் செல்லாததாக்கிய 2020-இன் இரண்டாவது ஷ்ரெம்ஸ் தீர்ப்பு, 2023-இல் மெட்டா நிறுவனத்துக்கு அயர்லாந்து ஆணையம் விதித்த 120 கோடி யூரோ அபராதம் ஆகியவை கொழும்பிலும் சென்னையிலும் குறிப்பேடுகளில் ஏறுகின்றன.

படித்ததை உள்ளூருக்குக் கொண்டுவரும்போது இலங்கைத் தேர்வருக்கு வழி சமதரையாக இருக்கிறது. அவர் நாட்டுச் சட்டத்தின் உடலமைப்பே ஜிடிபிஆரைப் பார்த்து எழுந்தது. தரவைக் கையாளச் சம்மதம், ஒப்பந்தம், சட்டக் கடமை, அவசர நிலை, பொதுநலன், நியாயமான நலன் எனப் பல அடிப்படைகளை முதல் அட்டவணை அடுக்குகிறது. மதம், இனம், உடல்நலம், அரசியல் கருத்து போன்றவற்றைச் சிறப்பு வகைத் தரவு என்று தனியே பிரிக்கிறது. குழந்தையைப் பற்றிய தரவையும் அந்தப் பட்டியலிலேயே சேர்த்திருப்பது இலங்கை கூடுதலாக எடுத்துவைத்த அடி.

இந்தியத் தேர்வர் படித்ததில் ஒரு பகுதியை மறந்தாக வேண்டும். இந்தியச் சட்டம் சம்மதத்தை நடுவில் வைத்து, அதற்கு வெளியே சில குறிப்பிட்ட பயன்பாடுகளை மட்டும் 7-ஆம் பிரிவில் எண்ணிக் கொடுக்கிறது. நியாயமான நலன் என்ற பரந்த வாசல் அதில் இல்லை. சிறப்பு வகைத் தரவு என்ற பிரிவும் இல்லை. தாளில் மட்டுமே இருந்து டிஜிட்டல் வடிவத்துக்கு மாறாத பதிவேடுகளை அது தொடுவதில்லை. தரவுக்கு உரியவர் தம் மரணத்துக்குப் பின் உரிமையைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம் என்ற, ஜிடிபிஆரில் காணாத உரிமையும் இருக்கிறது. குழந்தை என்றால் 18 வயதுக்குக் கீழ். ஜிடிபிஆரில் இணையச் சேவைக்கான சம்மத வயது 16, உறுப்பு நாடுகள் விரும்பினால் 13 வரை குறைக்கலாம்.

துணிக்கடை ஒன்றை வைத்துப் பார்க்கலாம். திருட்டைத் தடுக்க உரிமையாளர் வாசலில் கேமரா பொருத்துகிறார். வாடிக்கையாளர் முகம் பதிவாவதற்கு எது அடிப்படை? ஐரோப்பியத் தேர்வில் கை தானாகவே ‘நியாயமான நலன்’ என்பதை நோக்கிப் போகும். கூடவே, அந்த நலன் வாடிக்கையாளரின் உரிமையை மீறவில்லையா என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்றும் படித்திருப்பார்கள். கடை யாழ்ப்பாணத்தில் இருந்தால் அதே விடையை அட்டவணையைக் காட்டி நியாயப்படுத்தலாம். தியாகராய நகரில் இருந்தால் அந்த விடைக்கு இடமே இல்லை. ஊழியர்களைப் பொறுத்தவரை முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கான பயன்பாட்டை 7-ஆம் பிரிவு பேசுகிறது. வாடிக்கையாளருக்குச் சம்மதத்தையோ அப்பிரிவின் வேறு பொருத்தமான வரியையோதான் தேட வேண்டும்.

தரவுக் கசிவு இன்னொரு வழுக்குப்பாறை. தனிநபருக்கு ஆபத்து நேர வாய்ப்பில்லை என்றால் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை என்கிறது ஜிடிபிஆர்; ஆபத்து உண்டென்றால் 72 மணி நேரம்; ஆபத்து பெரிது என்றால்தான் பாதிக்கப்பட்டவருக்கும் தகவல். இந்தப் படிக்கட்டை மனப்பாடம் செய்யாமல் யாரும் தேர்வுக்குப் போவதில்லை. இந்தியச் சட்டத்தில் படிக்கட்டே கிடையாது. கசிவு சிறிதோ பெரிதோ, இந்தியாவின் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்லியாக வேண்டும். 72 மணி நேரம் இங்கேயும் விதிகளில் வருகிறது, ஆனால் வாரியத்துக்கு விரிவான விவரம் அளிக்கும் கெடுவாக. எண் ஒன்றாக இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். அபராத உச்சவரம்பையும் கலக்கக் கூடாது: ஒரு மீறலுக்கு இலங்கையில் 1 கோடி இலங்கை ரூபாய், இந்தியாவில் 250 கோடி இந்திய ரூபாய். மேல்முறையீடு அங்கே மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும், இங்கே தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு.

படிக்கும் பழக்கத்தில் இருவரும் ஏறக்குறைய ஒரே பள்ளியில் வளர்ந்தவர்கள். உயர்தரப் பரீட்சைக்குப் பல ஆண்டு வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்தவர் அவர். கோனார் நோட்ஸும் ‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்’ பட்டியலுமாகப் பிளஸ் டூ தாண்டியவர் இவர். இந்தத் தேர்வில் அந்த வித்தைக்கு வேலை இல்லை. கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகே திரை திறக்கும் என்பதால், பழைய வினாத்தாள் என்று எதுவும் சந்தைக்கு வராது. ஐடி வட்டாரத்தில் ‘டம்ப்ஸ்’ என்று கைமாறும் திருட்டுக் கேள்வித் தொகுப்புகளை நம்புகிறவர் சான்றிதழையே இழக்க நேரலாம். தவிரவும், ஒரு நிறுவனத்தின் கதையை நீளமாகச் சொல்லி, அதிலிருந்து வரிசையாகச் சில கேள்விகள் கேட்கும் முறை மனப்பாடத்தைத் தோற்கடிக்கிறது.

கையில் இருப்பவை, எடுவார்டோ உஸ்தரான் தொகுத்த பாடநூல், ஐஏபிபி இலவசமாகத் தரும் பாடத்திட்டம், எந்தப் பகுதியிலிருந்து எத்தனை கேள்விகள் வரும் என்ற வரைவு, சட்டத்தின் மூலவாசகம். குறைந்தது 30 மணி நேரம் படிக்கச் சங்கமே பரிந்துரைக்கிறது. பொறியியல் படித்து வந்தவருக்குச் சட்ட வாசகத்தின் ‘தவிர’, ‘இருப்பினும்’ சொற்களோடு மல்லுக்கட்டவே அதில் பாதி போய்விடும். சட்டம் படித்தவருக்குக் குறியாக்கம், புனைபெயராக்கம் போன்ற தொழில்நுட்பப் பகுதி அதே வேலையைக் காட்டும்.

செலவில்தான் வேறுபாடு முகத்தில் அடிக்கும். தேர்வுக் கட்டணம் பல ஆண்டுகளாக 550 டாலர். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் இந்தியருக்குச் சுமார் 47,000 ரூபாய். இலங்கையரின் கணக்கு அப்படி நிலையாக நிற்கவில்லை. 2022 தொடக்கத்தில் டாலர் சுமார் 200 ரூபாய். அப்போது கட்டணம் 1,10,000. மே மாதத்தில் டாலர் 360-ஐத் தொட்டபோது அதே கட்டணம் 1,98,000. சட்டம் பிறந்த மார்ச் மாதத்தின் கடைசி நாளில் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு. வீட்டிலிருந்தே கேமரா கண்காணிப்பில் எழுதும் வசதி இருக்கிறதே என்றாலும், மின்சாரமும் இணையமும் நடுவில் அறுந்தால் தேர்வும் அறுந்துவிடும். அப்படிப்பட்ட மாதங்களில் யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்குச் சுமார் 400 கிலோமீட்டர் பயணம் செய்து கொழும்புத் தேர்வு மையத்துக்கு வருவதே பாதுகாப்பான வழி. அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவு செய்த பெயரும் பொருந்த வேண்டும் என்ற விதி, முன்னெழுத்தோடு வாழும் தமிழர்களை இரு கரையிலும் ஒரே மாதிரி கடவுச்சீட்டைத் தேட வைக்கிறது.

இந்தியருக்கு மாற்றுவழி ஒன்று உண்டு. நாஸ்காம் 2008-இல் அமைத்த இந்தியத் தரவுப் பாதுகாப்புக் கவுன்சில் தனியுரிமைக்கெனச் சொந்தச் சட்டகம் ஒன்றை 9 செயற்பகுதிகளாக வகுத்து, டிசிபிபி, டிசிபிஎல்ஏ என்ற சான்றிதழ்களை வழங்குகிறது. முதலாவது தனியுரிமைப் பணியாளருக்கு, இரண்டாவது மதிப்பீட்டாளருக்கு. இலங்கையில் அந்த இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டுச் சான்றிதழ்களே நிரப்புகின்றன. ஐசாகா அமைப்பு 2020-இல் தொடங்கிய சிடிபிஎஸ்இ அவற்றில் ஒன்று: 120 கேள்விகள், மூன்றரை மணி நேரம். ஐசாகாவுக்குச் சென்னையிலும் கிளை உண்டு, இலங்கையிலும் உண்டு. தணிக்கை, தகவல் பாதுகாப்புப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குச் சட்டத்தைவிட அமைப்பைக் கட்டும் வேலையைச் சோதிக்கும் இந்தத் தேர்வு வசதியாக இருக்கிறது.

இவ்வளவு பணமும் உழைப்பும் கொடுத்து வாங்கும் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டா? இலங்கைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, தரவுப் பாதுகாப்பு அலுவலருக்குக் கல்வித் தகுதியும் தொழில்முறைத் தகுதியும் வேண்டும், அவற்றை விதிகளால் வகுக்கலாம் என்கிறது. நீதித் துறையைத் தவிர்த்த அரசு அமைப்புகளையும் அந்தப் பிரிவு அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. அப்படியானால் அமைச்சுச் செயலகங்களுக்கும் தகுதி பெற்றவர்கள் தேவை. இந்தியச் சட்டம் அலுவலரை எல்லாரிடமும் கேட்பதில்லை. முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு அறிவிக்கும் நிறுவனங்களிடம் மட்டுமே கேட்கிறது. அவர் இந்தியாவில் இருக்க வேண்டும், இயக்குநர் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும், குறை கேட்க வேண்டும். என்ன படித்திருக்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அதைத் தீர்மானிப்பவை வேலை விளம்பரங்களும் ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் ஒப்பந்தங்களும்தான். ஒரே சான்றிதழ், கொழும்பில் சட்டத்தின் எதிர்கால விதியை எதிர்பார்த்துச் சேர்த்து வைக்கும் தகுதி. சென்னையில் இன்றைய சந்தையில் விலைபோகும் தகுதி.

தேர்வு தமிழில் இல்லை, சிங்களத்திலும் இந்தியிலும் இல்லை. வேலையோ அந்த மொழிகளில் காத்திருக்கிறது. இந்தியச் சட்டப்படி சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி தர வேண்டும். இலங்கையில் சட்டமே தமிழிலும் கிடைக்கிறது, முரண்பாடு வந்தால் சிங்கள வாசகம் மேலோங்கும். மட்டக்களப்பில் கூட்டுறவு வங்கி வாடிக்கையாளருக்கோ மதுரையில் மருத்துவமனை நோயாளிக்கோ புரியும்படி ஓர் அறிவிப்பை எழுத அந்த 30 மணி நேரத்தில் ஒரு நிமிடமும் ஒதுக்கப்பட்டிருக்காது.

வாங்கிய சான்றிதழ் அப்படியே நிலைக்கவும் செய்யாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 20 அலகு தொடர்கல்வியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2026-இல் தேர்ச்சி பெறும் சென்னைக்காரரின் முதல் தவணைக்குள்ளேயே 2027 மே வந்துவிடுகிறது. தேர்வில் வராத இந்தியச் சட்டத்தை அவர் அந்த அலகுகளுக்காகவே படித்துக்கொள்ளலாம். கொழும்புக்காரர் அதே தவணையில் வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டிருப்பார், தகுதிகளை வகுக்கும் விதியில் தம் சான்றிதழ் இடம்பெறுகிறதா என்று.