காவலன் கையிலும் கறை

அமெரிக்க எழுத்தாளர் பிலிப் ராத் 1959-ல் வெளியிட்ட 'சமயக் காவலன்' என்னும் சிறுகதையை வாசித்தோம். 1945-ல் ஐரோப்பியப் போர்முனையிலிருந்து திரும்பி, மிசௌரி மாநிலப் பயிற்சி முகாமில் பணியேற்கும் யூத சார்ஜண்ட் மார்க்ஸ். 'நம்மவர்' என்று அவனை அண்டிச் சலுகை கோரும் யூத இளைஞன் கிராஸ்பார்ட். வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு அனுமதி கேட்பது நியாயமே. அதையே ஏணியாக்கிப் போர்முனைக்குத் தப்ப முயல்வதுதான் வஞ்சகம்.

தம் இனத்தைப் பிறர்முன் காட்டிக்கொடுத்தார் என்று யூதர் பலர் ராத்தைக் கண்டித்தனர். நாம் அவ்வாறு கருதவில்லை. கிராஸ்பார்ட்டைப் பசிபிக் முனைக்கு அனுப்ப மார்க்ஸும் பொய்யுரைத்தே சிபாரிசு தேடுகிறான். நீதி காக்க வந்தவன் கையிலும் கறை! அதை மறைக்காததே கதையின் நேர்மை. சமுதாயப் பாசம் உரிமையைக் கேட்கலாம். தன் சுமையைப் பிறன் தோளில் ஏற்றலாகாது.