பார்க்கப்பட்டவளின் பெயர்

மூலக்கொத்தளத்தில் எங்கள் தெருவில் வாழ்ந்த என் சின்னம்மா, காசிமேட்டுக் கரையில் மீன் எடுத்து வீடு வீடாக விற்றுப் பிழைத்தவர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அக்கரையை அறைந்தபோது அவருடைய கூடையும் தராசும் அலையோடு போயின. சில நாள் கழித்து, தலைவிரிகோலமாய் அவர் குந்தியிருந்த படம் ஓர் இதழில் வெளிவந்தது. படத்தின் கீழே துயரத்தைப் பற்றி அழகான இரண்டு வரிகள் இருந்தன. நாங்கள் அதைக் கொண்டுபோய்க் காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "என் பேர் இன்னான்னு ஒருத்தராவது கேட்டாங்களாடா?"

அந்தக் கேள்வி பல ஆண்டுகள் என்னுள் உறங்கிக் கிடந்தது. அண்மையில் ஒரு நாட்டியப் படைப்பை ஒளிப்பதிவில் கண்டபோது அது மீண்டும் விழித்துக்கொண்டது. சென்னையில் பிறந்து, பரதம் பயின்று, இலண்டனில் தம் பெயரிலேயே ஆடற்குழு அமைத்த ஷோபனா ஜெயசிங், 2015-இல் அந்நகரின் ராயல் ஒபேரா மாளிகையைச் சேர்ந்த லின்பரி அரங்கில் மேடையேற்றிய 'பயாதேர் – ஒன்பதாம் வாழ்வு' என்பதே அப்படைப்பு. அதன் உள்ளே ஒரு தமிழ்ப் பெண்ணின் கதை புதைந்து கிடக்கிறது.

அக்கதை 1838-இல் தொடங்குகிறது. கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்த ஆடல்மகளிர் சிலரைத் தார்திவேல் என்னும் பிரெஞ்சு வணிகர் புதுச்சேரியில் ஒப்பந்தம் எழுதி ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். பெண்டிர் ஐவர், இசைவாணர் மூவர். மூத்தவர் தில்லையம்மாள். அவருக்கு அடுத்தவர் பதினெட்டு வயது மதிக்கத்தக்க அம்மணி. மற்றவர்கள் சிறுமியர், அவர்களுள் ஒருத்திக்கு வயது ஆறு. பாய்மரக் கப்பலேறிக் கடல் கடந்த இவர்கள் பிரெஞ்சு அரசர் லூயி பிலிப்பின் முன்னிலையில் ஆடினர். ஆகஸ்டில் பாரிசின் வரியேத்தே அரங்கிலும், அக்டோபரில் இலண்டனின் அடெல்பி அரங்கிலும் ஆடினர்.

பாரிஸ் நகரம் வியந்தது. அது காத்திருந்ததோ வேறொருத்திக்காக. 'பயாதேர்' என்னும் சொல்லே, ஆடுபவள் என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பிறந்தது. அச்சொல்லைச் சுற்றி ஐரோப்பியர் முன்னரே ஒரு கனவைப் பின்னி வைத்திருந்தனர். ஜெர்மானியக் கவிஞர் கதே 1797-இல் அதைப் பாட்டாக்கினார். 1830-இல் பாரிஸ் மேடையில் மரி தக்லியோனி வெண்ணிற உடையில் இந்தியக் கோயில் நடனப் பெண்ணாக ஆடினார். ஆக, உண்மையான அம்மணி வந்து சேரும் முன்பே பொய்யான அம்மணி மேடையில் நிலைபெற்றிருந்தாள்.

கவிஞரும் விமரிசகருமான தெயோஃபில் கோத்தியே, அம்மணியை நேரில் கண்டு பத்திரிகையில் விரிவாக எழுதினார். அவருடைய வருணனை தோலின் நிறத்தை வெண்கலத்தோடு ஒப்பிட்டது. கண், கழுத்து, கை, கால்விரல் என்று ஒவ்வோர் உறுப்பாக அளந்து சென்றது. அதில் பாராட்டுக்குப் பஞ்சமில்லை. ஒரு சந்தைப் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் கண்ணும் அதில் இருந்தது. அதே ஆண்டில் சிற்பி ழான் ஒகுஸ்த் பார் அவளைச் சிறு வெண்கலச் சிலையாகவே வடித்துவிட்டார். எழுத்தில் வெண்கலமானவள் கையிலும் வெண்கலமானாள்.

பின்னாளில் அம்மணி இலண்டனின் மூடுபனியில் மனமொடிந்து தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள் என்றொரு செய்தி உலவியது. அச்செய்தியிலும் அழகுணர்ச்சியே மேலோங்கி நிற்கிறது. வெயில் நாட்டுப் பூ பனியில் கருகிற்று என்று சொல்வது எளிது. ஊருக்குத் திரும்பும் வழி அவளுக்குத் திறந்திருந்ததா, யார் அவளோடு தமிழில் பேசினார்கள் என்று கேட்பதுதான் கடினம். இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 'அம்மணி' என்பது நம் வழக்கில் ஒரு பெண்ணை மரியாதையாக விளிக்கும் சொல்லும்கூட. வரலாறு காத்து வைத்திருப்பது அவள் பெயரையா, அவளை யாரோ அழைத்த அழைப்பையா?

அவள் மறைந்தாலும் கனவு மறையவில்லை. கோத்தியே 1858-இல் சகுந்தலையின் கதையைப் பாலே நாடகமாக்கினார். 1877-இல் ருசியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மாரியுஸ் பெதிபா 'லா பயாதேர்' பாலேயை அரங்கேற்றினார். இசை லுத்விக் மின்குஸ். அதில் கோயில் நடனப் பெண் நிக்கியா, பூக்கூடைக்குள் ஒளித்து வைத்த பாம்பு தீண்டி இறக்கிறாள். அவளைக் கைவிட்ட வீரன் சோலோர் அபினி மயக்கத்தில் நிழலுலகைக் காண்கிறான். அங்கே வெண்ணுடை மகளிர் வரிசை வரிசையாக இறங்கி வருகின்றனர். உலகெங்கும் போற்றப்படும் அப்பேரழகுக் காட்சியில் திருவந்திபுரத்தின் சுவடு ஒன்றுமில்லை.

ஷோபனா ஜெயசிங்கின் படைப்பு இந்த இடத்தில்தான் கால் ஊன்றுகிறது. தொடக்கத்தில் இக்கால இந்திய இளைஞன் ஒருவன் 'லா பயாதேர்' பாலேயைப் பார்த்துவிட்டு அதன் கதையைத் தன் நண்பனுக்குக் கணினி வழியே எழுதுகிறான். நம்மைப் பற்றிய கதையை நாமே அயலாராய் நின்று கேட்கும் வேடிக்கை அதில் உண்டு, நாமும் சிரிக்கிறோம்.

அடுத்த பகுதியில் சிரிப்பு அடங்கிவிடுகிறது. மலேசியாவில் பிறந்து பரதமும் ஒடிசியும் பயின்ற சூரஜ் சுப்பிரமணியம் அம்மணியின் இடத்தில் நிற்கிறார். கோத்தியேயின் வருணனைச் சொற்கள் ஒலிக்கின்றன. மற்ற ஆடலர்கள் அவரைச் சூழ்ந்துகொள்கின்றனர், தொடுகின்றனர், ஆராய்கின்றனர். மேடையில் பலர் இருந்தாலும் எனக்கு இது இருவர் ஆடலாகவே தோன்றியது. ஒருவர் பார்ப்பவர், மற்றவர் பார்க்கப்படுபவர். பார்ப்பவருக்குச் சொற்கள் உண்டு. பார்க்கப்படுபவருக்கு உடல் மட்டுமே உண்டு.

பெண்ணின் இடத்தில் ஓர் ஆணை நிறுத்தியது வெறும் புதுமைக்காக அன்று என்றே கருதுகிறேன். அங்கே ஓர் அழகிய பெண் நின்றிருந்தால் நாமும் கோத்தியேயைப் போல் அவளை இரசித்துவிட்டு எழுந்து போயிருப்போம். எதிர்பார்த்த உருவம் கிட்டாதபோது நம் கண் தடுமாறுகிறது. அத்தடுமாற்றத்தில்தான் நாம் எதைத் தேடி வந்தோம் என்பது நமக்கே வெளிப்படுகிறது.

மறுப்பு ஒன்றும் எழக்கூடும். அம்மணியை மீட்க வந்த படைப்பு, கோத்தியேயின் சொற்களுக்கே மீண்டும் மேடை அமைத்துத் தருகிறதே, அவள் இப்போதும் ஊமையாகத்தானே நிற்கிறாள் என்பதே அது. வலுவான மறுப்புத்தான். ஆயினும் அவளுக்கு ஒரு குரலைக் கற்பித்துக் கொடுத்திருந்தால் அதுவும் இன்னொரு கோத்தியேயின் வேலையாகியிருக்கும். அவள் என்ன நினைத்தாள் என்பதை எழுதிவைக்க அன்று ஒருவரும் முன்வரவில்லை. அந்த வெறுமையை வெறுமையாகவே காட்டியது நேர்மை என்பேன்.

என் மனக்குறை வேறிடத்தில் இருக்கிறது. இறுதிப் பகுதியில் பெதிபாவின் நிழலுலகத்துக்கு எதிராடலாகத் தூய நடனம் பெருகுகிறது. கேப்ரியல் புரோகோஃபியெவின் இசை விரைகிறது. உடல்கள் திறமையாகச் சுழல்கின்றன. ஆனால் நெஞ்சில் முள்ளாய்த் தைத்த அந்தப் பெண் எங்கே? திறமையின் ஒளியில் அவள் கரைந்து போகிறாள். அவளை விடுதலை செய்வதாகப் படைப்பாளி எண்ணியிருக்கலாம். நானோ, ஆடலரங்கு இன்னும் சற்று நேரம் அவளோடு அசையாமல் நின்றிருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

அயலாரை மட்டும் குற்றம் சொல்லி நாம் கைகழுவிவிட முடியாது. கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். 1947-இல் சென்னை மாகாணம் சட்டம் இயற்றியது. அது நீதியின் வெற்றி. அதே காலத்தில் அம்மகளிரின் ஆடல் புதிய பெயர் பூண்டு வேறு வீட்டுப் பெண்களின் மேடையேறியது. கலை காக்கப்பட்டது, அதைக் காத்து வந்த குடும்பங்களில் பல மறதிக்குள் தள்ளப்பட்டன. பாலசரசுவதியைப் போன்ற சிலரே தம் மரபின் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லி ஆடினர். பாரிஸ் அம்மணியைப் பார்த்தது, பெயர் கேட்கவில்லை. நாமோ அவள் வழிவந்தவர்களைப் பார்க்கவும் மறுத்தோம். இரண்டில் எது பெரிய பிழை?

நடுவில் நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணை எல்லாரும் உற்றுநோக்க, ஒருவர் மட்டும் குனிந்து தரையில் எழுதிக்கொண்டிருந்த காட்சியை நற்செய்தியில் நாம் அறிவோம். கூட்டத்தின் பார்வையோடு தம் பார்வையையும் சேர்க்காமல் விலக்கிக்கொண்டதும், பிறகு நிமிர்ந்து அவளோடு பேசியதும் எத்துணைப் பெரிய செயல்கள் என்பது இப்படைப்பைக் கண்டபின் எனக்குப் புதிதாய் விளங்கியது.

எங்கள் மூலக்கொத்தளம் இடுகாட்டில், இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு 1939-இல் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் பெயரோடு துயில்கின்றனர். அவர்களைச் சுற்றிலும் பெயரற்ற மண்மேடுகள் எத்தனையோ. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், ஆலைகளில் உழைத்தவர்கள், மீன் விற்றவர்கள் அங்கே கிடக்கின்றனர். என் சின்னம்மாவும் இன்று இல்லை. அவருடைய படம் வந்த அந்த இதழ் எங்கள் வீட்டுப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. அழகான இரண்டு வரிகளுக்குக் கீழே, இந்நாட்டியத்தைப் பார்த்த இரவில், அவருடைய பெயரை என் கையாலேயே எழுதி வைத்தேன். அம்மணிக்கு அவ்வாறு எழுதிவைக்க, அவள் அன்னை இட்ட பெயர் எதுவோ?