கதை சொல்லாததைக் குழந்தை சொல்லட்டும்

குழந்தைக்குக் கதை வாசிக்கும்போது நமக்கு ஓர் அவசரம். கதை சொல்லாமல் விட்டதையும் நாமே விளக்கிவிடுகிறோம். போதாததற்கு, கடைசியில் நீதியையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். சொல்லாததைத் தானே கண்டுபிடிக்கும் இன்பம் குழந்தைக்குக் கிடைக்காமலே போகிறது. அதை ரசிக்கப் பழக்குவதற்கு நம்மிடமே அருமையான கதை உண்டு: அலகேச ராஜனின் நான்கு மந்திரிகள் கதையில் வரும் காணாமல் போன ஒட்டகம்.

ஒட்டகத்தைத் தொலைத்த வணிகன் வழியில் நால்வரைச் சந்திக்கிறான். "அதற்கு ஒரு கால் நொண்டியா?" என்கிறார் ஒருவர். "ஒரு கண் தெரியாதா?" என்கிறார் அடுத்தவர். "வால் குட்டையோ?", "வயிற்றுவலியோ?" என்று மற்ற இருவரும் கேட்கிறார்கள். அத்தனையும் சரி. ஆனால் ஒட்டகத்தைப் பார்க்கவே இல்லை என்கிறார்கள்.

இங்கே நிறுத்துங்கள்

புத்தகத்தை மூடிவிட்டு, "பார்க்காமல் எப்படித் தெரிந்தது?" என்று கேளுங்கள். பிறகு தடயங்களை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். பாதையில் மூன்று கால்களின் தடம்தான் இருந்தது. மரங்களில் ஒரு பக்கத்து இலைகள் மட்டும் தின்னப்பட்டிருந்தன. இவை எளிது. மூன்றாவதுதான் கடினம்: மண்ணில் ரத்தத் துளிகள். "முள் குத்தியிருக்கும்" என்று குழந்தை சொல்லலாம். மறுக்காதீர்கள், அதுவும் நடக்கக்கூடியதே. "மாடு வாலை எதற்கு வீசும்?" என்று மட்டும் கேளுங்கள். ஈயும் கொசுவும் நினைவுக்கு வரும். அவற்றை விரட்ட வால் எட்டவில்லை என்பதும் பிடிபடும். கதையில் உள்ளதோடு தான் அறிந்ததையும் சேர்த்தால்தான் விடை வரும் என்பதைக் குழந்தை இந்த இடத்தில் கற்கிறது. முன்னங்கால் தடம் ஆழம், பின்னங்கால் தடம் மேலோட்டம் என்பது கடைசித் தடயம். வயிற்றை எக்கிக்கொண்டு தவழ்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

காரணம் கேளுங்கள்

"எதை வைத்துச் சொல்கிறாய்?" என்பதைச் சரியான விடைக்கும் கேளுங்கள். தப்பான விடைக்கு மட்டும் கேட்டால் அது அதட்டலாகிவிடும்.

மனத்தையும் படிக்கட்டும்

வணிகன் நால்வரையும் திருடர்கள் என்று அரசனிடம் முறையிடுகிறான். ஏன்? அவர்கள் குற்றமற்றவர்கள் என்பது குழந்தைக்குத் தெரியும், வணிகனுக்குத் தெரியாது. அவன் இடத்தில் நின்று யோசித்தால் அந்தக் கோபம் புரியும். கால்தடத்தைப் படித்த அதே கூர்மைதான் மனத்தைப் படிக்கவும் வேண்டும்.

இன்னும் சின்னவர்களுக்கு

பாட் ஹட்சின்ஸின் 'ரோஸிஸ் வாக்' (1968) படக்கதையில் ரோஸி என்ற கோழி உலாவப் போகிறது. எழுத்தில் நரி என்ற பேச்சே இல்லை. படத்திலோ நரி பின்தொடர்ந்து, குளத்தில் விழுந்து, வைக்கோலில் புதைந்து, தேனீக்களிடம் மாட்டிக்கொள்கிறது. எழுத்தை மட்டும் வாசியுங்கள். நரியைக் குழந்தையே கண்டு கூவட்டும்.

நரி வருவது ரோஸிக்குத் தெரியுமா? புத்தகம் சொல்லவில்லை. ஒரு குழந்தை தெரியும் என்றும் இன்னொரு குழந்தை தெரியாது என்றும் படத்தைக் காட்டி வாதாடட்டும். தீர்ப்பு சொல்லும் வேலை நமக்கு வேண்டாம்.