பிறந்த வீட்டுப் பெயர்

1685-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நான்ட் அரசாணையை ரத்து செய்தார். பிரான்சின் புராட்டஸ்டண்டுகளான ஹியூகனாட்டுகள் ஏறத்தாழ 2 லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். லண்டனில் கரையேறியவர்களில் பலர் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் தறி போட்டுப் பட்டு நெய்தார்கள். அவர்களுடைய சந்ததியார் இன்று முன்னோரைத் தேடும்போது கைகொடுப்பது த்ரெட்னீடில் தெரு பிரெஞ்சுத் தேவாலயத்தின் பதிவேடு.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஞானஸ்நானப் பதிவு. குழந்தையின் பெயர், தகப்பன், தாய், ஞானத்தந்தை, ஞானத்தாய். அக்கால ஆங்கிலத் திருச்சபை ஏடுகளில் தாய்க்குப் பெரும்பாலும் முதற்பெயர் மட்டும்தான். இங்கே அவளுடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் சேர்ந்து நிற்கிறது. எத்தனை பெரிய கொடை! அந்த ஒரு பெயர் இல்லாவிட்டால் தாய்வழி முழுக்க இருண்டுபோயிருக்கும்.

இன்னொரு வகைப் பதிவும் உண்டு. படிக்கையில் மனம் கனக்கும். லூயியின் குதிரைப்படையினர் வீடுகளில் புகுந்து தங்கிக் கொடுத்த தொல்லையில் கத்தோலிக்கத்துக்கு மாறியவர்கள், லண்டன் வந்ததும் சபை முன்னால் நின்று அதை அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அதையும் பெயரோடு, பல இடங்களில் சொந்த ஊரோடு, எழுதிவைத்தார்கள். பிரான்சில் எந்த ஊரில் தேடுவது என்பதற்கு இதைவிட நல்ல துப்பு கிடைப்பது அரிது.

1885-இல் தொடங்கிய ஹியூகனாட் சங்கம் இப்பதிவேடுகளை அச்சில் கொண்டுவந்திருக்கிறது. தேடுகிறவர்கள் ஞானப்பெற்றோரின் பெயர்களையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பல நேரம் அவர்கள் நெருங்கிய உறவினர்களே.