நூதனசாலைக்குப் போகுமுன்

கல்விச் சுற்றுலா பாடசாலை வாழ்வின் இன்றியமையா உறுப்பாகிவிட்டது. ஆண்டுதோறும் மாத்தளை மாவட்டத்தை நோக்கி வரும் மாணவர் தொகை சிறிதன்று. எனினும், அவர்தம் பயணத் திட்டத்தை நுணுகி நோக்குவார்க்கு ஒரு குறை புலனாகாமற் போகாது. வாகனக் கூலி, உணவுப் பொதி, புறப்படும் நேரம், திரும்பும் நேரம் ஆகிய நான்கின் தொகுப்பே பெரும்பாலும் திட்டமெனப் பெயர் பெறுகின்றது. எதனை முதலிற் காண்பது, எவ்வினாவை உள்ளத்திற் கொண்டு காண்பது என்பன அதில் இடம் பெறுவதில்லை.

வழக்கமான பயணம் சீகிரியாக் குன்றில் தொடங்குகின்றது. மாணவர் விரைந்து ஏறுகின்றனர், ஓவியங்களைக் கண்டு வியக்கின்றனர், உச்சியில் நின்று படம் எடுக்கின்றனர், களைத்து இறங்குகின்றனர். யப்பானிய உதவியுடன் அமைக்கப்பட்டு 2009இல் திறக்கப்பெற்ற நூதனசாலை அடிவாரத்தில் இருக்கின்றது. பொழுது எஞ்சினால் அதனுள் ஒரு சுற்றுச் சுற்றி வெளியேறுகின்றனர். தம்புள்ளைக்கு அணித்தாயுள்ள இப்பன்கட்டுவ ஈமக்களமோ பலருடைய பட்டியலிலேயே இல்லை. இதனால் விளையும் தீங்கு யாது? இந்நிலத்தின் வரலாறு கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்ப மன்னனோடு தொடங்கிற்று என்னும் மயக்கம் மாணவர் உள்ளத்தில் வேரூன்றுகின்றது.

உண்மை வேறு. சீகிரியாக் குன்றின் அடியிலுள்ள அலிகல என்னும் குகையில் வரலாற்றுக்கு முற்பட்ட மாந்தர் வாழ்ந்தனர். இப்பன்கட்டுவவில் காசியப்பனுக்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் தம் இறந்தோரைக் கற்பதுக்கைகளில் அடக்கினர். 1970இல் அறியப்பட்டு, 1980களிலிருந்து பலமுறை அகழப்பட்ட அக்களத்தில் கற்பலகைகளைப் பெட்டிபோல் நிறுத்திய குழிகளும், தாழிகளும், கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களும், மணிகளும் வெளிப்பட்டன. அவற்றுட் சூதுபவள மணிகள் கடல் கடந்து வந்தன என்பது ஆய்வாளர் கருத்து. ஆகவே, வாணிகம் அரண்மனைக்கு மூத்தது என்னும் பாடத்தை ஒரு சிறு மணியே புகட்டவல்லது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். இப்பதுக்கைகளை நோக்கும் இளைஞன் உடனே வினவுவது, “இவர் எம்மவரோ, பிறரோ?” என்பதாகும். தமிழ் மாணவனும் இதனை வினவுவான். சிங்கள மாணவனும் வினவுவான். விடையைத் தன் இல்லத்திலிருந்தே கொண்டுவருதல் இருவர்க்கும் எளிது. ஆனால், பானையின் நிறங்கண்டு அதனை வனைந்தோன் பேசிய மொழியைத் துணிதல் ஆய்வாகாது. ஆதிச்சநல்லூரிலும் பொன்பரிப்பிலும் தாழிகள் கிடைத்தமை பாக்குநீரிணையின் இருகரையும் ஒத்த வழக்கம் நிலவியதைக் காட்டுகின்றது. எவர்க்கும் உரிமைப்பட்டயம் எழுதித் தரவில்லை. மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வழியிலுள்ள நாலந்தா கெடிகே திராவிடக் கட்டட முறையில் எழுந்த பௌத்தக் கோயிலாகும். இதனைக் கண்டவன் கல்லையும் சமயத்தையும் இனத்தையும் ஒரே கயிற்றிற் கட்டத் தயங்குவான். அத்தயக்கமே கல்வியின் தொடக்கம்.

காணும் முறை கருத்தை ஆக்கும் என்பதை மெக்சிக்கோ நாட்டார் உணர்ந்துள்ளனர். 1521இல் அசுத்தேக்கர் தலைநகரை இசுப்பானியர் கைப்பற்றினர். அவ்வருகைக்கு முற்பட்ட நாகரிகங்களுக்கென, 1964இல் திறந்த தேசிய மானிடவியல் நூதனசாலையின் கீழ்த்தளத்தை அந்நாட்டார் ஒதுக்கினர். மேற்றளத்தில் இன்று வாழும் பழங்குடி மக்களின் வாழ்வைக் காட்டினர். பழமையைக் கண்டபின் நிகழ்காலத்துக்கு ஏறுமாறு அக்கட்டடமே வழி செய்கின்றது. நம் நாட்டில் அவ்வொழுங்கை ஆசிரியரே வகுத்தல் வேண்டும்.

வெயிலுக்கு அஞ்சியே காலையில் குன்றேறுகின்றோம் என்பார் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும் அதற்கு மாற்று இல்லாமலில்லை. காலையில் இப்பன்கட்டுவ, நண்பகலில் நூதனசாலை, வெயில் தாழ்ந்தபின் குன்று என வகுக்கலாம். அதுவும் இயலாதெனின், குன்றேறுமுன் நூதனசாலையையேனும் காண்பது நன்று. புறப்படுவதற்கு முன் வகுப்பறையில் ஒரு பாடவேளை இதற்கென ஒதுக்கப்படல் வேண்டும். நாட்டுப்படம் ஒன்றும் காலக்கோடு ஒன்றும் வரையப்படல் வேண்டும். ஒவ்வொரு மாணவனும் ஒரே ஒரு வினாவை எழுதிச் செல்க. ஒரு பொருளின் முன் பத்து நிமிடம் நின்றவன் நூறு பொருள்களைக் கடந்து ஓடியவனைவிட மிகுதியாகக் கற்பான்.

திரும்பியபின் எழுதப்படும் சுற்றுலாக் கட்டுரைகளே இத்திட்டத்துக்கு உரைகல். குன்றின் உயரத்தையும் உணவின் சுவையையும் மட்டும் அவை கூறுமாயின், பயணம் வீண். “அம்மணி எங்கிருந்து வந்தது?” என்று ஒரு மாணவனேனும் கேட்டிருப்பின், செலவிட்ட பணமும் பொழுதும் பயன்பெற்றன என்க.